கீமோ மாத்திரையோடு சேர்த்துத் தர வேண்டியது

கேன்சர் சிகிச்சை என்றதும் நம் கண்முன் வருவது மருத்துவமனைக் கட்டிலும், தலைக்கு மேல் தொங்கும் மருந்துப் பையும்தான். நடைமுறை மாறி வெகுநாளாகிறது. பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் கேபசிடபின், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப், நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப், புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராடெரோன் எல்லாமே மாத்திரைகள். நரம்பு வழியாக ஏற்றும் கீமோவிலும் பெரும்பகுதி இப்போது காலையில் போய் மாலையில் திரும்புகிற கதைதான். மருந்து ஏறுவது சில மணி நேரம்; அது உடம்புக்குள் வேலை செய்வது அடுத்த இரண்டு மூன்று வாரம். வாந்தி, பேதி, வாய்ப்புண், காய்ச்சல் எல்லாம் வருவது அந்த வாரங்களில், வீட்டில். 2022இல் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்கிட்டது. இவர்களில் சிகிச்சை பெறுகிறவர்கள் மருத்துவரைப் பார்க்காத நாட்களில் யாரிடம் சந்தேகம் கேட்பது என்பதற்கு நம்மிடம் ஒழுங்கான பதில் இல்லை. அந்தப் பதிலில் மருந்தாளுநருக்கு இன்று கொடுத்திருப்பதைவிடப் பெரிய இடம் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். காரணம் இதுதான்: கேன்சர் சிகிச்சையின்போது ஒருவர் தம்மைத்தாமே பார்த்துக்கொள்ளும் முறை, அறிகுறியைப் பார்த்து முடிவாவதில்லை, அவர் எடுக்கும் மருந்தைப் பார்த்து முடிவாவது.

பக்கவிளைவைக் கவனிப்பது நோயாளியின் சௌகரியத்துக்காக, உயிரைக் காப்பது வேறு வேலை என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. கீமோ மருந்து குறித்த அளவில், குறித்த இடைவெளியில் போனால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். வாய்ப்புண்ணால் நான்கு நாள் கஞ்சிகூட இறங்காதவருக்கு அடுத்த சுற்று தள்ளிப்போகும், அல்லது அளவு குறையும். கை கால் எரிச்சல் தாங்காதவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுவார். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 766 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் 12 சாதாரண அறிகுறிகளைக் கணினி வழியாக அவ்வப்போது தெரிவித்தார்கள்; ஏதாவது ஒன்று கடுமையானால் செவிலியருக்குத் தகவல் போகும். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் வெளியான முடிவில், முதல் பிரிவினரின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம். புதிய மருந்து எதுவும் தரப்படவில்லை. தொந்தரவைக் காலத்தோடு கேட்டு, காலத்தோடு கவனித்தார்கள். அங்கே கேட்டவர்கள் செவிலியர்கள்தான், மருந்தாளுநர்கள் அல்லர். ஆனால் பக்கவிளைவைக் கேட்டுக் கவனிப்பதும் சிகிச்சையின் ஓர் உறுப்பு என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

கேட்காவிட்டாலும் நோயாளி தானாகச் சொல்லிவிடுவாரே என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் நடத்திய மூன்று மருந்து ஆய்வுகளில் பங்கேற்ற 1,090 நோயாளிகள் தாங்களே எழுதிக் கொடுத்ததையும், அவர்களுடைய மருத்துவர்கள் பதிவு செய்ததையும் 2015இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், பேதி, முடி உதிர்தல் என்ற ஆறில் எதை எடுத்தாலும், நோயாளி இருக்கிறது என்று சொன்னவற்றில் ஏறத்தாழ 41 முதல் 74 விழுக்காடு வரை மருத்துவர் பதிவில் இல்லை. மருத்துவர்களின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்குமே சரியாகப் போய்விடுகின்றன. நோயாளியின் பக்கமும் தயக்கம் உண்டு. ‘கீமோன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று பொறுத்துக்கொள்கிறவர்கள், ‘சொன்னா மருந்தை நிறுத்திடுவாரோ’ என்று பயப்படுகிறவர்கள், பேதியையும் பிறப்புறுப்புப் புண்ணையும் ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படும் பெண்கள் என்று அந்த மௌனத்துக்குப் பல முகம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ இரவு பஸ் பிடித்து வருகிறவர், இரண்டு தடவை பேதியானதற்காகத் திரும்ப வண்டி ஏற மாட்டார்.

இந்த இடைவெளியை நிரப்பக் கூடியது சுயபராமரிப்பு. உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தரும் விளக்கத்தில், தனி மனிதரும் குடும்பமும் நோயைச் சமாளிக்கும் திறன் என்பதோடு, அது சுகாதாரப் பணியாளரின் துணையோடும் நடக்கலாம், துணையில்லாமலும் நடக்கலாம் என்றொரு பகுதி இருக்கிறது. கேன்சர் விஷயத்தில் துணையில்லாத சுயபராமரிப்பு ஆபத்து. நம் வீடுகளில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பேதிக்கு மாதுளம்பழத் தோல், வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை, தட்டணு குறைந்தால் பப்பாளி இலைச் சாறு, எதற்கும் இருக்கட்டும் என்று நிலவேம்பு. அண்டை வீட்டாரும் வாட்ஸ்அப்பும் சொல்லும் யோசனைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அவை அறிகுறியைப் பார்க்கின்றன. பாட்டி வைத்தியத்துக்குப் பேதி தெரியும். அந்தப் பேதியை உண்டாக்கிய மருந்து தெரியாது. ஒரே தொந்தரவுக்கு ஒரு மருந்தில் நல்லது செய்வது இன்னொரு மருந்தில் கெடுதல் செய்யும் என்பதுதான் கேன்சர் சிகிச்சையின் விசித்திரம். அந்த வேறுபாட்டைப் படித்தவர் மருந்தாளுநர்.

ஐஸ் கட்டியை எடுத்துக்கொள்வோம். ஃப்ளூரோயூராசில் என்ற பழைய கீமோ மருந்தை நரம்பில் ஒரே தள்ளாகச் செலுத்தும்போது, அதற்குச் சற்று முன்னிருந்து அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தால் வாய்ப்புண் குறையும். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மருந்து அங்கே குறைவாகப் போகிறது. செலவில்லாத, நிரூபிக்கப்பட்ட உத்தி. பெருங்குடல் புற்றுநோய்க்கு அதே மருந்தோடு ஆக்சாலிபிளாட்டின் சேர்த்துத் தருவதும் வழக்கம். ஆக்சாலிபிளாட்டின் ஏறியவருக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜ் தண்ணீரை ஒரு வாய் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு நின்றுவிடுவதுபோல் இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தைக் குளிரில் தொட்டால் விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்னும். எனவே சிகிச்சைக்குப் பிந்தைய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொடவோ குடிக்கவோ வேண்டாம் என்பதே அவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. பக்கத்து நாற்காலியில் கீமோ ஏற்றிக்கொண்டவர் ‘எனக்கு ஐஸ் நல்லா கேட்டுச்சு’ என்று அன்போடு சொல்லும் யோசனை இவருக்கு வேதனையாக முடியும்.

பேதியில் இந்த வேறுபாடு உயிரையே தொடுகிறது. இரினோடெகான், கேபசிடபின் போன்ற கீமோ மருந்துகளால் வரும் பேதிக்கு லோபராமைடு மாத்திரை முதல் உதவி. மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அளவில் அதைத் தொடங்கி, உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் குடித்து, எத்தனை தடவை போகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தால் பலர் வீட்டிலேயே தேறிவிடுவார்கள். பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்து எடுப்பவருக்கு வரும் பேதியோ வேறு ஜாதி. மருந்து தட்டியெழுப்பிய எதிர்ப்புச் சக்தி, கேன்சரோடு குடலையும் தாக்குவதால் வருவது அது. அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். லோபராமைடு போட்டுப் பேதியை அடக்கிவிட்டு ‘சரியாப் போச்சு’ என்று உட்கார்ந்திருந்தால், உள்ளே குடல் அழற்சி முற்றிக்கொண்டே போகும், சில சமயம் குடலில் ஓட்டை விழும்வரை. கடைக்கு வந்து ‘லூஸ் மோஷனுக்கு ஒரு மாத்திரை கொடுங்க’ என்று கேட்கும் இரண்டு பேரும் பார்வைக்கு ஒன்றுதான். ‘கேன்சருக்கு என்ன மருந்து போகுது?’ என்ற ஒரு கேள்விதான் இருவரையும் பிரித்துக் காட்டும். கேபசிடபின் எடுப்பவரிடம் இது முதல் சுற்றா என்றும் கேட்க வேண்டும். அந்த மருந்தை உடைக்கும் என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள சிலருக்கு முதல் சுற்றிலேயே பேதியும் வாய்ப்புண்ணும் மிகக் கடுமையாக வரும். அவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமே இல்லை.

கேபசிடபினின் இன்னொரு தொல்லை, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிவது. முற்றினால் தோல் உரியும், வெடிக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது, தரையில் கால் வைக்க முடியாது. உயிருக்கு ஆபத்தில்லாத இந்தத் தொல்லைதான் பலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க வைக்கிறது. சுயபராமரிப்பு எவ்வளவு தூரம் உதவும் என்பதை இங்கே கிட்டத்தில் பார்க்கலாம். சூடான தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பது, துணி அடித்துத் துவைப்பது, அம்மியில் அரைப்பது, இறுக்கமான செருப்பு, வெயிலில் காய்ந்த கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவது என்று சூடும் உரசலும் அழுத்தமும் சேரும் எல்லாவற்றையும் சிகிச்சை முடியும்வரை தள்ளி வைக்க வேண்டும். யூரியா கலந்த கிரீமைத் தினமும் தடவ வேண்டும். பல ஆண்டுகளாக இதற்கு பி6 வைட்டமின் மாத்திரை கொடுத்துவந்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. நல்ல விடை நம் நாட்டிலிருந்தே வந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 264 நோயாளிகளைக் கொண்டு செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டுவலிக்குத் தடவும் ஒரு விழுக்காடு டைக்ளோஃபெனாக் ஜெல்லை இரண்டு கைகளிலும் தினம் இரு வேளை தடவியவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கே நடுத்தர அல்லது கடுமையான எரிச்சல் வந்தது. வெறும் ஜெல் தடவியவர்களில் 15 விழுக்காட்டினருக்கு வந்தது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஜெல் இது. வருமுன் தடவ வேண்டியது என்பதையும், ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. கேபசிடபினைச் சாப்பிட்ட அரை மணிக்குள் விழுங்க வேண்டும். அபிராடெரோனை வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும். சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறிவிடும். நம் ஊரில் காலை எழுந்ததும் ‘கேஸ் மாத்திரை’ போடும் பழக்கம் பலருக்கு உண்டு. பான்டோபிரசோல் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால், எர்லோடினிப், ஜெஃபிடினிப், தசாடினிப் போன்றவை உடலில் சேருவது குறைந்துபோகிறது. விலை உயர்ந்த கேன்சர் மருந்து பாதிப் பலனோடு வீணாக, யாருக்கும் அது தெரிவதே இல்லை. வார்ஃபரின் எடுக்கும் இதய நோயாளி கேபசிடபினும் சேர்த்து எடுத்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடுகிறது. உடம்புக்குத் தெம்பு வரட்டும் என்று வாங்கும் ஃபோலிக் அமில மாத்திரை கேபசிடபினின் பக்கவிளைவைக் கூட்டலாம். வாந்திக்காக எழுதப்படும் ஒலான்சபின் கதை வேறு மாதிரி. பெயரைக் கூகுளில் தேடிய மகன், ‘இது மனநோய் மாத்திரை, அம்மாவுக்கு எதுக்கு?’ என்று நிறுத்திவிடுகிறான். கீமோ வாந்தியை அடக்குவதில் அது கைதேர்ந்த மருந்து. பகலெல்லாம் தூங்கித் தூங்கி விழ வைக்கும் 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராமே வாந்தியைத் தடுப்பதில் அதற்குக் குறையாது, தூக்கக் கலக்கமும் குறைவு என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2024இல் காட்டியது. இவை எல்லாவற்றிலும் பிரச்சினை நோயில் இல்லை. மருந்துக்கும் மருந்துக்கும், மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் இருக்கிறது.

சுயபராமரிப்பைக் கற்றுத்தருவதில் பாதி, அது எங்கே முடிகிறது என்று கற்றுத்தருவது. கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில் பொதுவாக வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பது நெறிமுறை. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். தொட்டுப் பார்த்து ‘லேசா சூடா இருக்கு’ என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கிறோம். மாத்திரை காய்ச்சலை இறக்கிவிடும். ரத்தத்தில் பரவும் கிருமியை இறக்காது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கமோ மயக்கமோ மட்டும் வரலாம் என்பது இன்னொரு சிக்கல். கீமோ எடுப்பவர் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், ‘அளந்து பார்க்காமல் காய்ச்சல் மாத்திரை போடக் கூடாது’ என்ற விதி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கேன்சர் நோயாளிக்கு என்று பாராசிட்டமால் கேட்டு வருகிறவரிடம் ‘டெம்பரேச்சர் பாத்தீங்களா? கீமோ போட்டு எத்தனை நாள் ஆச்சு?’ என்று கேட்டு, மாத்திரை விற்காமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்பும் மருந்தாளுநர் அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியிருப்பார்.

மருந்தாளுநர் இதைச் செய்தால் பலன் இருக்கும் என்பதற்குச் சான்று உண்டா என்றால், உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கனை மையமாகக் கொண்டு, அம்போரா என்ற பெயரில் ஒரு சோதனை நடந்தது. கேன்சர் மாத்திரைகளைப் புதிதாகத் தொடங்கிய 202 பேரில் ஒரு பிரிவினருக்கு மருந்தாளுநர்களும் மருந்தியல் மருத்துவர்களும் உட்கார்ந்து விளக்கினார்கள்; பக்கவிளைவை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள்; அடுத்தடுத்த வாரங்களில் திரும்பவும் பேசினார்கள். 2021இல் வந்த முடிவின்படி, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களுக்கு மருந்து சார்ந்த பிரச்சினைகள் சராசரியாக ஆளுக்கு 5.81, இவர்களுக்கு 3.85. கடுமையான பக்கவிளைவு, சிகிச்சையை நிறுத்துதல், எதிர்பாராமல் மருத்துவமனையில் சேர்தல், மரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்தச் சான்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இது மருத்துவமனையோடு இணைந்த, பயிற்சி பெற்ற குழு செய்த வேலை. தெருமுனைக் கடையில் நடந்ததல்ல. எனவே தொடங்க வேண்டிய இடமும் மருத்துவமனையின் மருந்தகம்தான். கேன்சர் மாத்திரை வழங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவது முதல் படி. ஊர்க் கடைக்காரரை அதோடு இணைப்பது இரண்டாம் படி.

‘நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநரா இருக்கிறார்?’ என்பதுதான் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு எவரும் மருந்து வழங்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம் சொல்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்க, மருந்தை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் இது வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை, எங்கே கை வைக்க வேண்டும் என்று காட்டுகிறது. 2015இல் வந்த மருந்தாளுகை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கின்றன: பக்கவிளைவுகள் எவை, அவற்றைத் தவிர்ப்பது எப்படி, வந்தால் என்ன செய்வது, மருந்தின் விளைவைத் தானே கண்காணிப்பது எப்படி, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது. இக்கட்டுரை கேட்கும் எல்லாமே ஏற்கெனவே விதியாக இருக்கிறது. ஆளும் இல்லாமல் இல்லை. ஆறாண்டுப் படிப்பான பார்ம்.டி. 2008இல் இந்தியாவில் தொடங்கியது. அதில் கடைசி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. படுக்கையருகே போய் மருந்துகளைப் பரிசீலிக்கப் படித்துவிட்டு வரும் இந்த இளைஞர்களுக்குப் பொருத்தமான பணியிடங்களைத்தான் நாம் போதிய அளவில் உருவாக்கவில்லை.

விற்கிறவரே ஆலோசகராகவும் இருந்தால் வேலியே பயிரை மேயாதா என்பது அடுத்த ஐயம். கேன்சர் நோயாளியின் பயம் நல்ல சந்தை. எதிர்ப்புச் சக்தி டானிக், புரோட்டீன் பவுடர், கல்லீரல் சுத்திகரிப்பு மாத்திரை என்று எதை வைத்தாலும் விற்கும். இதற்கு ஒரே பாதுகாப்பு, ஆலோசனையின் உள்ளடக்கத்தைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விடாமல் இருப்பது. எந்த மருந்துக்கு எந்தப் பராமரிப்பு என்பதை மருத்துவமனை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். கடையில் உள்ளவர் அந்தத் தாளுக்கு வெளியே எதையும் சேர்க்கக் கூடாது. கூர்ந்து பார்த்தால், மேலே சொன்ன யோசனைகளில் பெரும்பாலானவை விற்பனையைக் கூட்டுவதில்லை. கேஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடருங்கள், பி6 வேண்டாம், வாய் கொப்பளிக்க ஆல்கஹால் கலந்த மவுத்வாஷுக்குப் பதில் உப்பும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீர் போதும் என்பவை எல்லாம் கல்லாவுக்கு நஷ்டம் தருபவை. அதனால்தான் இந்தப் பணியை விற்பனை லாபத்தை நம்பி நடத்த முடியாது. ஆலோசனைக்குத் தனியாக ஊதியம் வேண்டும். அரசு மருத்துவமனையில் அது சம்பளம்; தனியாரில் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும் ஒரு சிறு கட்டணம்.

மருத்துவர்கள் எழுப்பும் எதிர்ப்பு வேறு. மருந்தாளுநர் நோயைக் கண்டறியப் பயிற்சி பெற்றவர் அல்லர். சாதாரணப் பேதி என்று நினைத்து ஆபத்தான ஒன்றை வீட்டில் வைத்துவிட்டால் யார் பொறுப்பு? இதற்குப் பிரிட்டனின் புற்றுநோய்ச் செவிலியர்கள் கண்ட வழி பின்பற்றத் தக்கது. தொலைபேசியில் அழைக்கும் நோயாளியிடம் ஒரே வரிசையில் கேள்விகள் கேட்டு, ஒவ்வொரு அறிகுறிக்கும் சிவப்பு, ஆம்பர், பச்சை என்று நிறம் கொடுக்கிறார்கள். பச்சை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள அறிவுரை. ஓர் ஆம்பர் என்றால் ஒரு நாளுக்குள் திரும்பப் பேச வேண்டும். இரண்டு ஆம்பர் சேர்ந்தால் அது சிவப்பு. உடனே நேரில் வந்தாக வேண்டும். நோயைக் கண்டறியும் திறமையை இந்த முறை கேட்கவில்லை. விடாமல் கேட்கும் ஒழுங்கையும், சந்தேகம் வந்தால் மேலே அனுப்பும் கட்டாயத்தையும் கேட்கிறது. இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் ஆபத்து எந்தப் பக்கம் அதிகம் என்பதும் தெளிவு. மருந்தாளுநர் தவறு செய்யக் கூடும் என்று அவரைத் தள்ளி வைத்தால், அந்த இடத்தில் மருத்துவர் வந்து உட்காரப் போவதில்லை. வாட்ஸ்அப் குழுதான் உட்காரும்.

எல்லாவற்றையும்விடக் கனமான எதிர்ப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. சுயபராமரிப்பு என்று அழகாகப் பெயர் வைத்து, அரசும் மருத்துவமனையும் தங்கள் வேலையை நோயாளியின் தலையில் கட்டுகின்றனவா? நம் சூழலில் அந்தச் சுமை விழுவது பெரும்பாலும் மனைவி மேல், மகள் மேல், மருமகள் மேல். நோயாளியே பெண்ணாக இருந்தால், சூடான தண்ணீரில் பாத்திரம் தேய்க்காதே என்ற அறிவுரையே அவளுக்குக் கேலியாகத் தெரியும். அவள் தேய்க்காவிட்டால் யார் தேய்ப்பது? இந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. படுக்கையைக் குறைக்க, செவிலியரைக் குறைக்க இதை ஒரு சாக்காக்கினால் எதிர்த்தே ஆக வேண்டும். ஆனால் சுமை இன்றைக்கே வீட்டில்தான் இருக்கிறது. பேதியோடு ராத்திரி முழுக்க விழித்திருப்பதும், இது போதுமா, வண்டி பிடிக்கவா என்று தவிப்பதும் அதே மகள்தான். எதைச் செய்ய வேண்டும், எதுவரை காத்திருக்கலாம் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தத் தவிப்பில் பாதி குறையும். மருந்தாளுநர் பேசும்போது நோயாளியோடு கணவரையும் மகனையும் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பாத்திரம் யார் தேய்ப்பது என்பது சில மாதங்களுக்காவது சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதி.

செய்ய வேண்டியவை பெரிய முதலீடு கேட்பவை அல்ல. ஒவ்வொரு கேன்சர் மருந்துக்கும் தமிழில் ஒரு பக்கத் தாள்: எப்போது விழுங்குவது, என்ன வரலாம், வந்தால் வீட்டில் என்ன செய்வது, எந்த எல்லையில் கிளம்பி வருவது, யாரை அழைப்பது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் படங்கள். மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் மருத்துவமனை மருந்தாளுநரிடமிருந்து ஓர் அழைப்பு. அந்த வாரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து கொடுக்க 2021இல் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள், கீமோ எடுக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்கள் பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்களை முன்னிறுத்தித் தொடங்கப்பட்டவை. ஊர்க் கண்ணியாக அவர்களைப் பயிற்றுவிப்பது எளிது. பக்கவிளைவுகளை நோயாளியே தெரிவிக்க இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதை மருந்துப் பையின்மேல் அச்சடிக்க என்ன தடை?

இவை நடக்கும்வரை நோயாளியும் குடும்பமும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விதியின்படி விளக்கம் பெறுவது அவர்கள் உரிமை, கேட்டு வாங்கலாம். மாத்திரை கைக்கு வந்ததும் ஜன்னலைவிட்டு நகர்வதற்கு முன், வீட்டிலிருந்து கொண்டுபோன மற்ற எல்லா மாத்திரைகளையும், லேகியம் சூரணம் உட்பட, மேசைமேல் வைத்து ஐந்து கேள்விகள் கேளுங்கள். இதைச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா, எத்தனை நாள் எடுத்து எத்தனை நாள் விடுவது? இவற்றில் எது இதோடு ஆகாது? முதலில் எந்தத் தொந்தரவு வரும், வராமலிருக்க இன்றிலிருந்தே என்ன செய்யலாம்? எது வந்தால் வீட்டில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது? அப்போது எந்த எண்ணை அழைப்பது? பதில்களை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்ல ஆள் இல்லை என்றால் மருத்துவரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள். நாலு பேர் கேட்கத் தொடங்கினால்தான் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மருந்தாளுநரை உட்காரவைக்க வேண்டிய அவசியம் நிர்வாகத்துக்குப் புரியும்.